புழுவின் புரதச் சிதைவை நிறுத்தப் போனால் நமக்கு என்ன ஆகும்?

மருந்தியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "பள்ளிக்கூடத்திலேயே ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். அப்படியிருக்க, ஒட்டுண்ணிப் புழுக்களின் புரதச் சிதைவைத் தாக்கிப் புது மருந்து தேடுவதாகப் படித்தேன். புரதத்தை உடைக்காமல் எந்த உயிரும் வாழாதே. நம் செல்லிலும் அதே இயந்திரம்தானே ஓடுகிறது? புழுவுக்குக் கொடுக்கும் மருந்து நம்மையும் கொன்றுவிடாதா?"

கொல்லக்கூடும். இந்தத் துறையின் பெரும்பாடு அதுதான். ஆய்வகத் தட்டில் புழுவைக் கொல்வது கஷ்டமே இல்லை. அதற்குத் தோதான சேர்மங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. புழு சாக வேண்டும், அதைச் சுமக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்னும்போதுதான் முழி பிதுங்குகிறது. எப்படியெல்லாம் முயன்றிருக்கிறார்கள் என்பதை எனக்கு நெருக்கமான ஒரு புழுவை வைத்துச் சொல்கிறேன். சற்று நீளமான பதில்.

அந்தப் புழு ஷிஸ்டோசோமா. நம் ஊரில் பெயர் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் மனிதரைப் பிடிக்கும் வகை இந்தியாவில் பரவவில்லை. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரிப் பக்கம் கிம்வி என்ற கிராமத்தில் மட்டும் அந்தக் காலத்தில் பதிவானது உண்டு. ஆனால் இதன் உறவுக்காரப் புழு ஒன்று தென்னிந்தியாவில் மாட்டின் மூக்கு ரத்தக்குழாயில் குடியிருக்கும். மாடு மூக்கடைத்துக் குறட்டை விட்டபடி நிற்கும். கால்நடை மருத்துவர்கள் அதைக் குறட்டை நோய் என்றே சொல்வார்கள். மனிதருக்கு வரும் நோயின் பெயர் ஷிஸ்டோசோமியாசிஸ். பழைய பெயர் பில்ஹார்சியா: 1851-இல் கெய்ரோவில் இந்தப் புழுவைக் கண்ட ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸின் பெயரால் வந்தது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2021-இல் 25 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இதற்கான தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டது. பத்தில் ஒன்பது பேர் ஆப்பிரிக்காவில்.

இத்தனை பேருக்கும் இருப்பது ஒரே மருந்து, பிரசிக்வாண்டெல். 1970-களில் ஜெர்மனியின் பேயர், மெர்க் நிறுவனங்களில் உருவானது. அருமையான மருந்து, அதைக் குறை சொல்லவே கூடாது. ஒரே வேளை விழுங்கினால் போதும், விலை மலிவு, கிராமங்களில் எடை போடும் தராசு இல்லாவிட்டால் உயரம் குறித்த கழியை நிறுத்திப் பிள்ளையை அதன் ஓரம் நிற்கவைத்து, இத்தனை மாத்திரை என்று கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அதற்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. வளர்ந்த புழுவைக் கொல்லும். உடலுக்குள் புகுந்து இரண்டு முதல் ஐந்து வாரமே ஆன இளம்புழுவை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. ஏரியிலும் வாய்க்காலிலும் தினமும் இறங்குகிற பிள்ளையின் உடலில் எந்த நாள் பார்த்தாலும் சில புழுக்கள் அந்த வயதில் இருக்கும். மாத்திரை சாப்பிட்ட ஒரு மாதத்தில் அவை வளர்ந்து முட்டையிடத் தொடங்கிவிடும். அதோடு, கோடிக்கணக்கானவர்களுக்கு வருடா வருடம் ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் புழு அதற்குப் பழகிவிடுமே என்ற பயமும் உண்டு. ஆட்டுக் குடற்புழுவில் அது நடந்தே விட்டது. ஒரு காலத்தில் கேட்ட மருந்துகள் பல பண்ணைகளில் இன்று கேட்பதில்லை.

இந்தப் புழுவை நுண்ணோக்கியில் முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு மறக்கவில்லை. எலியின் குடலை ஒட்டிய ரத்தக்குழாயிலிருந்து கழுவியெடுத்து, இளஞ்சிவப்பு வளர்ப்பு நீரில் விட்டிருந்தார்கள். வெறுங்கண்ணுக்கு, வெட்டிப்போட்ட நூல் துண்டு மாதிரி ஒரு சென்டிமீட்டர் இருக்கும். லென்ஸில் பார்த்தால் தனித்தனிப் புழுவாகவே இல்லை, எல்லாம் ஜோடி. ஆண் வெளுத்து, தடித்து, உடம்பை நெடுக மடித்து ஒரு வாய்க்கால் போல வைத்திருக்கிறது. அதற்குள் மெலிந்த பெண் படுத்திருக்கிறது. ஆண் தன் உறிஞ்சியால் தட்டின் அடியைக் கவ்வியபடி நெளிகிறது. பெண்ணின் உடம்பு நெடுகக் கரும்பழுப்பில் வளைந்து வளைந்து ஒரு கோடு. அதுதான் அதன் குடல். அந்தக் கருமை வேறொன்றுமில்லை, செரித்து முடித்த ரத்தத்தின் மிச்சம்.

பெண்புழு ஒரு மணி நேரத்தில் சுமார் 3,30,000 சிவப்பணுக்களை விழுங்குகிறது என்று 1973-லேயே கணக்கிட்டார்கள். ஆண் விழுங்குவது அதில் எட்டில் ஒரு பங்கு. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம்; நம் ரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டரிலேயே 50 லட்சம் சிவப்பணுக்கள் உண்டு, எனவே ஒரு புழு நாள் முழுக்கக் குடிப்பது ஒரு துளிக்கும் மிகக் குறைவு. நோயை உண்டாக்குவது அது குடிக்கும் ரத்தமல்ல, அது இடும் முட்டை. ஒரு ஜோடி ஒரு நாளைக்குச் சுமார் 300 முட்டை இடும். பாதி வெளியேறும், மீதி ரத்தத்தோடு போய் ஈரலில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய முட்டையைச் சுற்றி உடல் தழும்பு கட்டுகிறது. வருடக்கணக்கில் தழும்பு மேல் தழும்பாகி ஈரல் இறுகி, வயிறு நீர் கோத்து நிற்கும். அத்தனை முட்டைக்கும் கச்சாப்பொருள் அந்த ரத்தத்தின் புரதம். ஆகையால் ரத்தப் புரதத்தை உடைக்கவிடாமல் தடுத்தால் முட்டை நிற்கும் என்று முதலில் யோசித்தார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். புரதச் சிதைவு புழுவுக்குள் இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று வயிற்றில், தின்றதைச் செரிக்க. இன்னொன்று ஒவ்வொரு செல்லுக்குள்ளும், தேவை முடிந்த தன் புரதங்களைக் கழிக்க. இரண்டுக்கும் நொதி வேறு, அதனால் மருந்தும் வேறு. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் எழுதுகிறார்கள்.

வயிற்று வேலை தேங்காய்த் துருவல் மாதிரி. மட்டை உரித்தால்தான் உடைக்கலாம், உடைத்தால்தான் துருவலாம். ஷிஸ்டோசோமாவின் குடலில் கெத்தப்சின் டி என்ற நொதி ஹீமோகுளோபினை முதலில் வெட்டித் திறக்கிறது. கெத்தப்சின் பி, எல், சி என்று பின்னால் வருபவை அதைத் துண்டு துண்டாக்கி, கடைசியில் அமினோ அமிலமாக்குகின்றன. கெத்தப்சின் டி உருவாகாதபடி அதன் மரபணுவை ஊமையாக்கிப் பார்த்தார்கள், 2008-இல். அந்த இளம்புழுக்களின் குடல் கருக்கவே இல்லை, சிவப்பாகவே நின்றது. குடித்த ரத்தம் குடித்தபடியே கிடந்தது! எலிக்குள் விட்டபோது அவை வளர்ந்து ஆளாகவில்லை. முதல் வெட்டு விழாவிட்டால் மற்ற நொதிகள் எத்தனை இருந்தும் பயனில்லை என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சொல்லப்போனால் இந்தப் புழு நம் உடலுக்குள் நுழைவதே புரதத்தை உடைத்துத்தான். நத்தையிலிருந்து நீரில் விடுபடும் அதன் குட்டிப் பருவம் தோலில் ஒட்டி, நொதியைச் சுரந்து தோலின் புரதத்தைக் கரைத்து வழி பண்ணிக்கொண்டு, வாலைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே போய்விடும். எல்லாம் சில நிமிட வேலை.

வயிற்று நொதிகளைக் குறிவைத்த மருந்துகளில் அதிகம் பேசப்பட்டது கே11777. முதலில், தென் அமெரிக்காவில் ஓர் ஒட்டுண்ணியால் வரும் சாகஸ் நோய்க்காக உருவாக்கியது. கெத்தப்சின் பி, எல் வகை நொதிகளின் வெட்டும் முனையில் போய் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். கானர் காஃப்ரி, ஜேம்ஸ் மெக்கெரோ குழுவினர் 2007-இல் அதை ஷிஸ்டோசோமா பிடித்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். புழுவும் குறைந்தது, முட்டையும் குறைந்தது. முக்கியமாக, பிரசிக்வாண்டெல் தொடாத இளம்புழுக்களின் மேலும் வேலை செய்தது. எலியிடமும் அதே குடும்பத்துக் கெத்தப்சின்கள் உண்டே, அது எப்படித் தப்பியது? பாலூட்டி உடலில் ஒன்று முடங்கினால் இன்னொன்று அந்த வேலையை ஓரளவு பார்த்துக்கொள்ளும்; புழுவிடம் அவ்வளவு மாற்று ஆள் கிடையாது. தவிர, புழு தன் சாப்பாட்டோடு சேர்த்து மருந்தையும் தானே விழுங்குகிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எலிக்குக் கொடுத்தது ஒரு வேளை அல்ல. நாளுக்கு இரண்டு முறை, இரண்டு வாரம், ஊசியாக. மின்சாரமும் செவிலியரும் இல்லாத ஏரிக்கரைக் கிராமத்தில் அதை யார் போடுவது? சாகஸ் நோய்க்காக நடந்த வேலையும் குறைந்த அளவிலேயே விலங்குகளுக்கு ஒத்துக்கொள்ளாததால் 2013-இல் நின்றுபோனது. நல்ல யோசனை என்பதற்கும் நல்ல மாத்திரை என்பதற்கும் நடுவே இருக்கும் தூரத்தை இந்தச் சேர்மத்தில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

ஆனாலும் வயிற்று நொதியைத் தாக்கும் வழி தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆட்டில் அது ஜெயித்திருக்கிறது. ஆட்டின் நாலாம் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுவை நம் ஊர் ஆடு வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் ஆடு சோகை பிடித்து, தாடைக்கடியில் நீர் கட்டித் தொங்குமே, பெரும்பாலும் அதன் வேலைதான். அதன் குடல் சுவரிலிருந்து எடுத்த புரதங்களை, அவற்றில் செரிமான நொதிகள் முக்கியமானவை, ஆட்டுக்குத் தடுப்பூசியாகப் போடுகிறார்கள். ஆட்டின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. புழு ரத்தத்தைக் குடிக்கும்போது அந்த எதிர்ப்பொருளையும் சேர்த்துக் குடித்து, தன் குடலிலேயே அடிவாங்குகிறது. பார்பர்வாக்ஸ் என்ற பெயரில் 2014-இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. பருவத்துக்குப் பல முறை போட வேண்டும், செத்த ஆட்டின் இரைப்பையிலிருந்து புழுவைப் பொறுக்கித்தான் மருந்தே தயாரிக்கிறார்கள். இருந்தாலும் வயலில் நிற்கும் சான்று அது. மனிதரின் கொக்கிப்புழுவுக்கும் இதே யோசனையில், ஹீமோகுளோபினை முதலில் வெட்டும் நொதியை வைத்துத் தடுப்பூசி முயற்சி நடக்கிறது.

பப்பாளிப் பாலைப் பற்றியும் சிலர் கேட்பார்கள், ஆகவே ஒரு வார்த்தை. குடற்பூச்சிக்குப் பப்பாளிப் பால் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதிலுள்ள பப்பேன் தலைகீழ் ஆயுதம்: புழுவின் நொதியை நிறுத்தாமல், தானே ஒரு நொதியாக நின்று உருண்டைப்புழுவின் மேல்தோலைக் கரைக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இதை ஒழுங்காக ஆராய்ந்து, புழுவின் தோல் கொப்பளித்து வெடிப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அதற்காக வீட்டில் பச்சைப் பாலைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள், வாயும் தொண்டையும் புண்ணாகும். ரத்தக்குழாயில் இருக்கும் புழுவை அது எட்டவும் எட்டாது.

இனி செல்லுக்குள் போவோம். உங்கள் கேள்வியின் கனமான பகுதி இதுதான்.

நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்துப் புளியமரங்களில் பட்டையைச் செதுக்கி எண் எழுதிவிட்டுப் போவார்கள், பார்த்திருப்பீர்கள். எண் விழுந்த மரம் பிறகு வெட்டப்படும், எண் இல்லாதது நிற்கும். செல்லும் அப்படித்தான் செய்கிறது. வேலை முடிந்த புரதம், கோணலாக மடிந்த புரதம், இனி இருந்தால் ஆபத்தான புரதம் எதுவானாலும் அதன் மேல் யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதத்தைச் சங்கிலியாகக் கோத்துவிடுகிறது. அந்த அடையாளம் விழுந்த புரதத்தை, புரோட்டியாசோம் என்ற செல்லின் வெட்டு இயந்திரம் இழுத்து உள்ளே போட்டு நறுக்கிவிடும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்காக ஏரன் சீக்கனோவர், அவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

புரோட்டியாசோமின் நடுப்பகுதி ஒரு பீப்பாய். ஏழு ஏழு துண்டுகளாக நான்கு வளையம், மொத்தம் 28 துண்டு. நடு வளையங்களில் மூன்று வகைக் கத்தி உண்டு: பீட்டா 1, பீட்டா 2, பீட்டா 5. ஒவ்வொன்றும் வெட்டும் இடம் வேறு. ஒன்று அமிலத்தன்மையுள்ள அமினோ அமிலத்துக்குப் பக்கத்தில், ஒன்று காரத்தன்மையுள்ளதற்குப் பக்கத்தில், ஒன்று எண்ணெய்ப் பசையுள்ளதற்குப் பக்கத்தில். ஈஸ்ட், புழு, எலி, நாம் எல்லாரிடமும் இதே பீப்பாய். நீங்கள் பயப்பட்டதற்கு முழுக் காரணம் இருக்கிறது.

அந்தப் பயத்தை மீறி மனிதருக்கே இதை மருந்தாக்கியது புற்றுநோய்த் துறை. பிளாஸ்மா செல்லில் வரும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோயில் அந்த செல்கள் எதிர்ப்பொருளை மலைமலையாக உற்பத்தி செய்யும். அதனால் கழிவும் மலைமலையாகச் சேரும். புரோட்டியாசோமை அடைத்தால் மற்ற செல்கள் சமாளித்துக்கொள்ளும்போதே இவை மூச்சுமுட்டிச் செத்துவிடும். போர்டெசோமிப் என்ற மருந்துக்கு 2003-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது; கார்ஃபில்சோமிப் 2012-இல் வந்தது. இரண்டும் ஊசி. இரண்டுக்கும் பக்கவிளைவு உண்டு. போர்டெசோமிப்பில் கை கால் நரம்பு எரிச்சலும் மரப்பும் எத்தனையோ நோயாளிகளைப் படுத்துகிறது. உயிர் போகும் நோய் என்பதால் தாங்கிக்கொள்கிறார்கள். நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, உடலில் புழு இருக்கலாம் என்ற கணிப்பில் கொடுக்கும் மருந்தில் அதற்கு இடமே இல்லை.

2019-இல் சான் டியேகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், மேலே சொன்ன காஃப்ரியும் அந்தனி ஓ'டானஹ்யூவும் இருக்கும் குழு இதை ஷிஸ்டோசோமாவில் நேராகச் சோதித்தது. போர்டெசோமிப், கார்ஃபில்சோமிப் இரண்டையும் மிகக் குறைந்த செறிவில் தட்டில் விட்டார்கள். 24 மணி நேரத்தில் புழுவின் அசைவு 85 விழுக்காட்டுக்கும் மேல் படுத்துவிட்டது. புழுவின் புரோட்டியாசோம் வேலையும் முக்கால்வாசிக்கு மேல் நின்றது. மூன்றாம் நாளில், செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும்போது எழும் கேஸ்பேஸ் நொதி நாலரை மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. புரோட்டியாசோம் நின்றால் புழு சாகும் என்பது இதில் உறுதியானது. நம் செல்லும் சாகுமே? அதற்குத்தான் அடுத்த படி.

புழுவிலிருந்து புரோட்டியாசோமைத் தனியே பிரித்தெடுத்து, மனிதப் புரோட்டியாசோமையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கார்மாஃபைசின் பி என்ற இயற்கைச் சேர்மத்தின் 11 மாற்று வடிவங்களை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தார்கள். கரீபியன் கடலில் குராசோ தீவை ஒட்டி எடுத்த நீலப்பச்சைப் பாசியில் கிடைத்த சேர்மம் அது. மூலச் சேர்மம் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் கொல்லும். அந்தப் பதினொன்றில் '17' என்று பெயரிட்ட ஒன்று மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டது. பீட்டா 5 கத்தியைப் பொறுத்தவரை அதற்குப் புழுவும் மனிதனும் ஒன்றுதான். ஆனால் பீட்டா 2 கத்தியில் மனிதனைவிடப் புழுவை 13.2 மடங்கு வலுவாகப் பிடித்தது. மனித ஈரல் செல்லுக்கு அதன் நச்சு, மூலச் சேர்மத்தைவிட 27.4 மடங்கு குறைவு. புழுவை நிறுத்துவதிலோ பின்வாங்கவில்லை. ஒரே நாளில் அசைவு 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

அந்த 13.2 என்ற எண்ணில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பீப்பாய் ஒன்றே, ஆனால் கத்தியின் பக்கத்தில், வெட்டப்போகும் புரதம் வந்து உட்காரும் குழியின் வடிவம் உயிருக்கு உயிர் கொஞ்சம் மாறியிருக்கிறது. பீட்டா 5-இன் குழி அவ்வளவாக மாறவில்லை. பீட்டா 2-இன் குழி மாறியிருக்கிறது. அந்தக் குழிக்கு அளவெடுத்துத் தைத்த சேர்மம் புழுவில் பொருந்தும், நம்மில் தொளதொளவென்று நழுவும். இதற்குப் பிறகு இந்தத் துறையில் நடக்கும் வேலையெல்லாம் அந்தக் குழியின் அளவை இன்னும் நுணுக்கமாக எடுப்பதுதான்.

13 மடங்கு போதுமா? போதாது. நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு நம்பிக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அவ்வளவு வித்தியாசம் கிடைக்கவே கிடைக்காது என்பவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன், ஏனென்றால் இன்னொரு ஒட்டுண்ணியில் அது கிடைத்துவிட்டது. காலா அசார் என்ற கருங்காய்ச்சலை உண்டாக்கும் லீஷ்மேனியா, புழு அல்ல, ஒற்றை செல் உயிரி. நோவார்ட்டிஸ் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் ஜிஎன்எஃப்6702 என்ற சேர்மத்தை வெளியிட்டார்கள். அது கத்தி முனையில் போய் மோதவே இல்லை. பீட்டா 4-க்கும் பீட்டா 5-க்கும் நடுவில் உள்ள இடுக்கில், ஒட்டுண்ணியிடம் மட்டும் தோதாக அமைந்த ஒரு பொந்தில் நுழைந்து, பக்கவாட்டிலிருந்து கத்தியை அசையவிடாமல் பிடித்தது. மனிதப் புரோட்டியாசோமைத் தொடவில்லை. அதே வழியில் வந்த எல்எக்ஸ்இ408 என்ற வாய்வழி மருந்து இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் காலா அசார் நோயாளிகளிடம் இரண்டாம் கட்டச் சோதனைக்குப் போயிருக்கிறது. புழுவின் பீப்பாயிலும் இப்படி ஓர் இடுக்கு இருக்கிறதா என்று தேடுவதுதான், என்னைக் கேட்டால், முதலில் பணம் போட வேண்டிய வேலை. கத்தி முனை எல்லா உயிரிலும் மாறாமல் காக்கப்படும் இடம்; இடுக்கு அப்படியல்ல.

பீப்பாய் மட்டும்தான் குறி என்பதும் இல்லை. டெக்சஸில் ஜேம்ஸ் காலின்ஸ் குழு 2020-இல் ஷிஸ்டோசோமாவின் 2,216 மரபணுக்களை ஒவ்வொன்றாக ஊமையாக்கிப் பார்த்ததில் 250-க்கும் மேற்பட்டவை இல்லாமல் புழுவால் முடியாது என்று தெரிந்தது. அடையாளமிட்ட புரதத்தைப் பிரித்துப் புரோட்டியாசோமிடம் கொண்டுபோகும் பி97 என்ற புரதமும் அந்தப் பட்டியலில் உண்டு. சிதைவு வேலையில் எந்தக் கண்ணியைத் தொட்டாலும் புழு தள்ளாடுகிறது என்றுதான் இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு; இயந்திரத்தை நிறுத்தாமல், அதையே புழுவுக்கு எதிராகத் திருப்புவது. புரோட்டாக் என்பார்கள், 2001-இல் அமெரிக்காவில் பிறந்த யோசனை. இருமுனை மூலக்கூறு அது: ஒரு முனை அழிக்க வேண்டிய புரதத்தைப் பிடிக்கும், மறுமுனை அடையாளமிடும் நொதியைப் பிடிக்கும். இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், வெட்ட வேண்டாத நல்ல மரத்திலும் எண் விழுந்துவிடும். பிறகு புழுவின் புரோட்டியாசோமே அதை வெட்டும். வேலை முடிந்ததும் மூலக்கூறு கழன்று அடுத்ததைப் பிடிக்கும் என்பதால் கொஞ்ச மருந்தே போதும். அடையாளமிடும் நொதிகள் உயிருக்கு உயிர் நிறைய வேறுபடுவதால், புழுவின் நொதியை மட்டும் பிடிக்கும் முனை கிடைத்தால் நம் உடலில் அந்த மருந்துக்கு வேலையே இருக்காது. ஆனால் அந்த முனை இன்னும் கையில் இல்லை. மனித மருந்துகளில் இதற்குப் பயன்படுவது பெரும்பாலும் செரெப்லான் என்ற நொதியைப் பிடிக்கும் தாலிடோமைடு குடும்பத்து மூலக்கூறுதான். 1950-களின் கடைசியில் கர்ப்பிணிகள் சாப்பிட்டு ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தார்களே, அந்த அதே தாலிடோமைடு. கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் வரிசையில் நின்று வாங்கும் புழு மாத்திரையில் அதை வைக்க யாருக்கும் மனம் துணியாது.

துணியக் கூடாது என்பதற்கு இந்த நோயின் வரலாறே சாட்சி. பிரசிக்வாண்டெல் வருவதற்கு முன்னால் எகிப்தில் பில்ஹார்சியாவுக்கு ஆன்டிமனி உப்பை ஊசியாகப் போட்டார்கள். 1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம்வரை அரசே ஊர் ஊராகப் போய்ப் போட்டது; ஒருவருக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஊசி. கண்ணாடி ஊசிக்குழலைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் அடுத்தவருக்கு, அதற்கடுத்தவருக்கு. புழு குறைந்தது. ஆனால் அந்த ஊசியோடு ஹெபடைட்டிஸ் சி வைரஸ் ஊரெல்லாம் பரவி, உலகிலேயே அந்த நோய் மிகுந்த நாடாக எகிப்து ஆனது. ஈரலைக் காப்பாற்றப் போட்ட ஊசி, இருபது முப்பது வருடம் கழித்து வேறு வழியில் ஈரலைத் தின்றது. போட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. அதனால்தான் புழு மருந்துக்கு ஊசி என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஆக, வர வேண்டிய மருந்து வாயால் விழுங்குவதாக இருக்க வேண்டும், ஒரே வேளையில் முடிய வேண்டும், வெயிலில் கிடந்தாலும் கெடக் கூடாது, விலை சில ரூபாய்க்குள் நிற்க வேண்டும். போர்டெசோமிப் குடும்பம் இவை எல்லாவற்றையும் இன்று பூர்த்தி செய்யவில்லை. பிள்ளைகள் விழுங்குவார்களா என்பதும் சின்ன விஷயமல்ல. பிரசிக்வாண்டெல் மாத்திரை பெரியது, கசப்பு குமட்டும். சின்னக் குழந்தைகள் துப்பிவிடும். மூலக்கூறின் வேலை செய்யாத, கசக்கும் பாதியை நீக்கி, தண்ணீரில் கரையும்படி செய்த அர்பிரசிக்வாண்டெலுக்கு 2023 டிசம்பரில்தான் ஐரோப்பிய மருந்து முகமை சாதகக் கருத்து சொன்னது. இருந்த நல்ல மருந்தை மூன்று வயதுக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோகவே இத்தனை பத்தாண்டு பிடித்தது.

நீங்கள் இந்தத் துறையில் படிக்க நினைத்தால், புதுச் சேர்மம் பற்றி எந்த அறிக்கை வந்தாலும் தலைப்பில் "புழுவைக் கொன்றது" என்று இருப்பதைத் தாண்டிப் போங்கள். நான் முதலில் தேடுவது மனிதப் புரோட்டியாசோமோடு ஒப்பிட்ட மடங்கு. அடுத்து, மூன்று வார வயதுப் புழுவில் சோதித்தார்களா என்பது. வளர்ந்த புழுவில் மட்டும் என்றால் பிரசிக்வாண்டெல் செய்யாத எதையும் அது செய்துவிடவில்லை. மூன்றாவது, எலிக்கு வாயால் கொடுத்தார்களா, எத்தனை வேளை கொடுத்தார்கள் என்பது. தட்டில் 24 மணி நேரம் மருந்திலேயே ஊறிய புழு சாகும். எலியின் ரத்தத்தில் மருந்து சில மணி நேரம்தான் நிற்கும், அதன்பின் வடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் ஆண்புழுவின் உறிஞ்சி குழாய்ச் சுவரை விட்டுவிட வேண்டும்; விட்டதும் ஜோடி ரத்த ஓட்டத்தில் அடித்துக்கொண்டு ஈரலுக்குப் போய்ச் சேரும், அங்கே உடலின் வெள்ளணுக்கள் அவற்றைப் பார்த்துக்கொள்ளும். சற்று மயங்கிவிட்டு மறுபடி கவ்விக்கொண்டால், மறுநாள் முட்டை வழக்கம்போல வரும்.